தூங்கவிடாத மூன்று மாதங்கள்

உன் மேசையைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. திங்கட்கிழமை முதல் புதிதாக ஒரு பெண் உன் நாற்காலியில் உட்காரப் போகிறாள். நல்ல பெண்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் கண் முன்னால் உன் இழுப்பறை திறந்து கிடப்பதை என்னால் பொறுக்க முடியாது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கிளினிக் பூட்டியிருக்கும்போது சாவி வாங்கிக்கொண்டு தனியாக வந்தேன்.

இழுப்பறையை இழுத்ததும் அந்த வாசனை எழுந்தது. குழந்தைகளின் நல்ல கண்ணை மூடுவதற்கு நாம் ஒட்டுகிறோமே, அந்த ஒட்டின் பசை வாசனை. அதோடு நீ நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலமும் சேர்ந்திருந்தது. பெட்டியில் பாதி ஒட்டுகள் மீதம் இருந்தன. தோல் நிறத்தில், முட்டை வடிவத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. அப்படி அடுக்கி வைப்பது உன் பழக்கம். பெட்டியை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதின்மூன்று வருடம் ஆகியும் அந்தப் பசையின் வாசனை வந்தால் எனக்கு இப்படித்தான் ஆகிறது. காரணம் உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ டி. கல்லுப்பட்டியிலிருந்து, நான் எழுமலையிலிருந்து. கல்யாணத்துக்கு முன்னால் காளவாசலில் ஒரே அறையில் குடியிருந்தோம். கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் வேலை எனக்கு வந்தது, மாறுகண், பார்வை மங்கிய குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை உனக்கு வந்தது. உன்னைப் போலத் தூங்குகிறவளை நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்குவாய். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதனை நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு இருபது நிமிடம் தூங்குவாய். "சம்பளம் வாங்கித் தூங்குறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்ப்பா" என்று நான் கிண்டல் செய்தால், ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஒனக்குப் பொறாமைடி" என்பாய். உண்மைதான். எனக்குத் தூக்கம் என்றாலே வீணாய்ப் போகிற நேரம் என்ற எண்ணம் சின்ன வயதிலிருந்தே உண்டு.

என் மகள் நிவேதாவுக்கு அப்போது ஆறு வயது. அவள் அப்பா திருப்பூரில் வேலை பார்த்தார், மாதம் இரண்டு முறை வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை நேராகக் கிளினிக்குக்கு வந்துவிடும். என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, நான் வீட்டுக்குக் கிளம்பும் வரை முறுக்கு தின்றுகொண்டு, வருகிறவர்கள் எல்லாரும் சுவரில் இருக்கும் எழுத்து அட்டையை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும். வருடத்துக்கு ஒரு முறை நானே அவளை உட்கார வைத்துப் பார்வை பார்ப்பேன். ஒரு கண்ணை மூடினாலும், மறு கண்ணை மூடினாலும் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிடுவாள். எனக்குப் பெருமையான பெருமை. என் பிள்ளைக்கு நானே பார்த்தேன், இரண்டு கண்ணும் பளிங்கு என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் நீ அவளோடு விளையாடிக்கொண்டிருந்தாய். பின்னால் வந்து கண்ணைப் பொத்தி யார் என்று கேட்கும் விளையாட்டு. ஒரு கையில் ஏதோ வைத்திருந்ததால் ஒரு கண்ணை மட்டும் பொத்தினாய். இடது கண்ணைப் பொத்தியபோது பிள்ளை முறுக்கைத் தின்பதைக்கூட நிறுத்தவில்லை. வலது கண்ணைப் பொத்தியதும் தலையை வெட்டித் திருப்பி உன் கையைத் தட்டிவிட்டாள். நீ மறுபடியும் பொத்தினாய், மறுபடியும் தட்டிவிட்டாள். உன் முகத்திலிருந்து விளையாட்டு போனதை நான் பார்த்தேன். பார்த்தும், அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நீ அவளை உன் அறைக்குக் கூட்டிப் போனாய், நானும் பின்னால் வந்தேன். என் அட்டையை எடுக்கவில்லை. மூன்று கால் போட்ட E எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டச் சொல்வோமே, அந்த அட்டையை எடுத்து, அதையும் தலைகீழாக மாட்டினாய். வலது கண்ணை மூடியதும் இரண்டாவது வரியிலேயே பிள்ளை நின்றுவிட்டாள். கையை அங்கும் இங்கும் ஆட்டினாள். பிறகு, கேட்காமலேயே, என் அட்டையின் எழுத்துகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"செல்வி, இவ பாக்கல. ஒப்பிக்கிறா."

அதை நீ மெதுவாகத்தான் சொன்னாய். பொய் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைக்கவில்லை. அட்டையைக் காட்டினால் அந்த எழுத்துகளைச் சொல்ல வேண்டும், பள்ளியில் பாட்டுச் சொல்வது மாதிரி, என்றுதான் நினைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா சொல்லிட்டேனாம்மா?" என்று கேட்டாள். ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் கண் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைக்கு ஆறு வயது வரை ஒரு கண் சரியாகத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் செத்துப் போய்விடலாம் போலிருந்தது.

இடது கண்ணில் பவர் மிக அதிகம். மங்கலான படத்தையே அனுப்பிக்கொண்டிருந்த அந்தக் கண்ணை மூளை கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. எல்லாரும் சொல்வது போல நானும் சோம்பேறிக் கண் என்றேன். உனக்குக் கோபம் வந்தது. "கண்ணு ஒண்ணும் சோம்பேறி இல்ல. மூள அதக் கூப்பிடாம விட்டுருச்சு. கூப்பிடப் பழக்கணும், அம்புட்டுத்தேன்." டாக்டர் கண்ணாடி எழுதினார். நல்ல கண்ணுக்குத் தினம் நான்கு மணி நேரம் ஒட்டு போடச் சொன்னார். வயது ஏற ஏற மூளை வளைந்து கொடுப்பது குறையும், இப்போதே ஆரம்பித்தது நல்லது என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது குறையும் என்ற ஒரு வார்த்தைதான்.

நான் ஒன்றைப் பிடித்தால் விடாதவள். நான்கு மணி நேரத்தில் பார்வை வருமென்றால் ஏழு மணி நேரத்தில் இன்னும் சீக்கிரம் வரும் என்று கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு ஒட்டோடு போனால் ஒத்தக் கண்ணி என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அதனால் பள்ளி விட்டு வந்ததும் ஒட்டினால் ராத்திரி ஒன்பதரை வரை எடுக்க மாட்டேன். காலையில் நான்கரைக்கு எழுப்பி மறுபடியும் ஒட்டுவேன். மங்கிய கண்ணால் பாசிமணி கோக்க வேண்டும், புள்ளியைச் சேர்த்துப் படம் வரைய வேண்டும், அரிசியில் கல் பொறுக்க வேண்டும். ஏழரை மணிக்கெல்லாம் பிள்ளைக்குக் கண் சொருகும். முகத்தில் தண்ணீர் அடிப்பேன். கடுங்காப்பி கொடுத்தேன், ஆறு வயதுப் பிள்ளைக்கு. தூங்கிவிட்டால் அந்த நேரம் வீண், கண்ணே மூடியிருக்கும்போது ஒட்டு எதற்கு என்பதுதான் என் வாதம். வாதத்தில் பிழை இல்லைதான்.

மூன்று மாதம் போனது. மாதா மாதம் நீ அவளைப் பார்த்தாய், ஒவ்வொரு முறையும் அட்டையை மாற்றி மாட்டி. இரண்டாவது வரி. மறுபடியும் இரண்டாவது வரி. மூன்றாவது மாதமும் அங்கேதான் நின்றாள். நீ என்னைப் பார்த்து, "பிள்ள ராத்திரி எத்தன மணிக்குப் படுக்குறா?" என்று கேட்டாய். "அதெல்லாம் நேரத்துக்குப் படுப்பா" என்றேன். உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

சனிக்கிழமை மதியம் டாக்டர் நமக்கு வகுப்பு எடுப்பார், ஞாபகம் இருக்கிறதா? நீ எப்போதும் கடைசி வரிசையில் தூங்குவாய். அந்தச் சனிக்கிழமை அவர் தூக்கத்தைப் பற்றிப் பேசினார், அந்த ஒரு வகுப்பில் மட்டும் நீ தூங்கவில்லை. பூனைக்குட்டிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியைச் சொன்னார். ஒரு கண்ணை மூடி வைத்தால் குட்டியின் மூளை திறந்திருக்கும் கண்ணின் பக்கம் சாய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு தூங்க விட்ட குட்டிகளுக்கு அந்த மாற்றம் இன்னும் ஊன்றியிருந்தது, தூங்க விடாமல் வைத்த குட்டிகளுக்கு அப்படி இல்லை. விழித்திருக்கும்போது கண் கொண்டு வந்து போட்டதை மூளை தூங்கும்போதுதான் உட்கார்த்தி வைக்கிறது போலிருக்கிறது என்றார். நீ எழுந்து, "பிள்ளைகளுக்கும் அப்படித்தானா சார்?" என்று கேட்டாய். அதை அந்த அளவு உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வளர்கிற மூளைக்குத் தூக்கம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றார். நான் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூனைக்கும் என் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சலாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் நீ வீட்டுக்கு வந்தாய். எட்டரை மணி இருக்கும். நிவேதா ஒட்டோடு தரையில் உட்கார்ந்து பாசி கோத்துக்கொண்டிருந்தாள். ஊசி ஒரு பக்கம் போக, தலை ஒரு பக்கம் போனது. சட்டையின் முன்பக்கம் நான் அடித்த தண்ணீரில் நனைந்திருந்தது. பக்கத்தில் காப்பி டம்ளர். நீ ஒவ்வொன்றாகப் பார்த்தாய்.

"இதுதான் நேரத்துக்குப் படுக்கிறதா?"

"இன்னும் ஒரு மணி நேரம்தான்ப்பா. இன்னைக்கு ஏழு மணி நேரமும் முடிஞ்சிரும்."

"டாக்டர் நாலு மணி நேரம்தானடி சொன்னாரு? எவ கேட்டா ஏழு மணி நேரம்?"

"நாலுல ஒண்ணும் வரல."

"நாலுன்னு நீ என்னைக்குச் செஞ்ச, வரலன்னு சொல்ல?"

நீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாய். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்து, வலிக்காமல் எடுத்தாய். ஒட்டு இருந்த இடம் சிவந்திருந்தது. அவள் உன் மடியிலேயே சாய்ந்தாள். என்னைப் பார்த்து, திட்டுகிற குரலில் இல்லாமல், கெஞ்சுகிற குரலில் சொன்னாய்.

"செல்வி, பகல்ல மாவாட்டுறோம். ராத்திரி அதச் சும்மா வச்சிருந்தாத்தான பொங்கும்? புளிக்க விடாம விடிய விடிய ஆட்டிக்கிட்டே இருந்தா இட்லி வருமாடி?"

நான் தோற்றுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. பிள்ளையின் கண் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை நீதான் என்ற ஆத்திரம் ஒரு பக்கம். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"உனக்கென்னப்பா, பெத்தவளுக்குத்தான் தெரியும். உன் பிள்ளையா இருந்தா இப்படிப் படுக்கப் போட்டுட்டுப் போவியா?"

இரண்டு முறை உனக்கு வயிற்றில் கரு தங்காமல் போயிருந்தது. இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். அதற்குப் பிறகு உன் வீட்டுக்காரர் உன்னை விட்டுப் போனதும் எனக்குத் தெரியும். மறதியில் வாய் தவறிவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒன்றும் மறக்கவில்லை. எங்கே குத்தினால் நீ எழுந்து போவாய் என்று தெரிந்துதான் குத்தினேன்.

நீ எழுந்து போகவில்லை. "நீ பேசுறது பேசு. பிள்ள தூங்கட்டும்" என்றாய். அவளை எடுத்துப் பாயில் போட்டு, ஈரச் சட்டையை மாற்றி, மூச்சு சீராகும் வரை தட்டிக்கொடுத்தாய். பாசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினாய். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, "போறேன்" என்றாய். எந்த வீட்டிலிருந்தும் போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் இறங்காதவள் நீ.

மறுநாள் பள்ளியிலிருந்து டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள், பிள்ளை தினமும் வகுப்பில் தூங்குகிறாள் என்று. டீச்சர் அதற்கு முன்னாலும் இரண்டு முறை எழுதியிருக்கிறார், நான்தான் பக்கத்தைத் திருப்பிவிட்டிருக்கிறேன். அன்று அந்த வரியை முழுதாக வாசித்தேன். சாயங்காலம் நான்கு மணிக்கு ஒட்டு போட்டேன், எட்டு மணிக்கு எடுத்தேன். எட்டேகாலுக்கு அவள் தூங்கிவிட்டாள். காலையில் எழுப்பவில்லை. ஆறரைக்குத் தானாக எழுந்து, "இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவாம்மா?" என்று கேட்டாள். அவ்வளவு நேரம் தூங்க விட்டால் லீவு நாள் என்று அந்தப் பிள்ளை நினைத்ததே, அப்போது நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நீ என்னோடு வேலை விஷயம் மட்டும்தான் பேசினாய். நானும் அப்படியே இருந்தேன். உனக்குப் பிடிக்குமென்று ஒரு நாள் பருத்திப்பால் வாங்கி உன் மேசையில் வைத்தேன், நீ குடித்தாய். அது மன்னிப்பு ஆகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆறு வாரம் கழித்து நிவேதாவை உன் அறைக்கு அனுப்பினேன், நான் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று இடுக்கு வழியாகப் பார்த்தேன். மூன்றாவது வரியைத் தாண்டினாள், நான்காவது வரியில் இரண்டு எழுத்தைச் சரியாகக் காட்டினாள். அடுத்ததற்கு, "தெரியல பெரியம்மா" என்றாள். "தெரியலன்னா தெரியலன்னு சொன்ன பாரு, அதுக்குத்தேன் மிட்டாய்" என்று நீ சொன்னது கேட்டது. கதவைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் அப்பவே சொன்னேனே என்று நீ சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் காளவாசல் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பேன்.

இரண்டு வருடத்தில் அந்தக் கண் கடைசிக்கு முந்தின வரி வரை வந்தது. கடைசி வரி வரவே இல்லை, இன்றைக்கும் இல்லை. தூக்கம்தான் காரணமா, ஒழுங்காகப் போட்ட ஒட்டா, கண்ணாடியா, பயம் போன பிள்ளையின் மனசா என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்டபோதும், "எல்லாந்தேன், பிரிச்சுப் பாத்து என்ன செய்யப் போற?" என்றாய். இப்போது நான் பவர் பார்க்க வரும் தாய்மார்களிடம் ஒட்டு எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்று கேட்கிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தத் திருப்பல் எனக்கு நன்றாகத் தெரியும்.

உன் ஈரலில் கட்டி என்று தெரிந்து நான்கே மாதம். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்தது நிவேதா. கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, நான் எவ்வளவு சொல்லியும் வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு வருவேன். கஞ்சி கொண்டு வந்தேன், தலை சீவிவிட்டேன், உன் தம்பி மகனின் குறும்பைப் பற்றிப் பேசினேன். அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. நீ அதை மறந்திருக்கலாம், நான் ஏன் கிளற வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கல்லுப்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் ஜெபம் முடித்து, குடும்பத்தார் மண் போடலாம் என்றார். உன் தம்பி குனிந்து மண்ணை எடுக்கவில்லை. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"நிவே எங்க? வா தாயி, மொதப் பிடி நீதேன் போடணும். அக்கா சொல்லிட்டுத்தேன் போயிருக்கு, எனக்குப் பிள்ள அவதேன்னு."

நிவேதா முன்னால் போனாள். நான் பக்கத்திலிருந்த யாருடைய கையையோ பிடித்துக்கொண்டேன். நீ மறக்கவே இல்லை. பதின்மூன்று வருடம் அதை வைத்துக்கொண்டு என்னோடு சாப்பிட்டாய், சிரித்தாய், என் பிள்ளைக்குப் பிறந்தநாள் துணி எடுத்தாய். என்னை மன்னித்துவிடு. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை, கேட்க ஆளில்லாத நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, மூன்று மணிக்கு நிவேதா படுத்தாள். ஒரு வாரத் தூக்கம் பாக்கி. மறுநாள் அவளுக்குப் பரீட்சை இருந்தது, புத்தகம் மேசையில் மூடியபடியே கிடந்தது. அவள் போனை அணைத்து வைத்தேன். குக்கர் விசில் வரக்கூடாதென்று சோற்றைச் சட்டியில் வடித்தேன். வாசற்கதவைச் சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். இருட்டுகிற நேரத்தில் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் மெதுவாக வந்து நின்றாள்.

"கேள்விப்பட்டேன்க்கா. யாரு தவறுனது, சொந்தமா?"

"நிவேதாவோட அம்மா" என்றேன்.

அவள் குழம்பிப்போய் என்னையே பார்த்தாள். மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் சத்தம் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.